கருவியின் எல்லையை எழுதிவைத்தல்: நிரல் மறுசீரமைப்பும் ஏஐ முகவர்களும்

ஒரு நிரலின் வெளி நடத்தை மாறாமல் உள்ளமைப்பை மட்டும் திருத்துவது நிரல் மறுசீரமைப்பு. தொழிலில் இருப்பவர்கள் ரீஃபாக்டரிங் என்பார்கள். நீண்டுபோன செயற்கூற்றை இரண்டாகப் பிரிப்பது, பொருந்தாத பெயரை மாற்றுவது, ஒரே வேலையைச் செய்யும் மூன்று வகுப்புகளை ஒன்றாக்குவது எல்லாம் இதில் அடங்கும். மென்பொருளைப் பயன்படுத்துகிறவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியக்கூடாது. வில்லியம் ஆப்டைக், ரால்ஃப் ஜான்சனின் வழிகாட்டுதலில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1992-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதற்கு முறையான அடித்தளம் போட்டது. ஒவ்வொரு மறுசீரமைப்புக்கும் முன்நிபந்தனைகள் உண்டு. அவை நிறைவேறினால்தான் நடத்தை மாறாது என்று சொல்ல முடியும் என்பது அந்த ஆய்வின் சாரம். ஒரு செயற்கூற்றுக்குப் புதுப் பெயர் வைக்கிறோம் என்றால், அதே பெயர் அந்த வகுப்பிலோ அதன் தாய் வகுப்புகளிலோ ஏற்கெனவே இருக்கக்கூடாது. இருந்தால் நிரல் கம்பைல் ஆகலாம், ஓடவும் ஓடலாம்; ஆனால் வேறு வேலையைச் செய்யும்.

அதே பல்கலைக்கழகத்தில் ஜான் பிராண்ட்டும் டான் ராபர்ட்ஸும் ஸ்மால்டாக் மொழிக்காக ரீஃபாக்டரிங் பிரவுசர் என்ற கருவியை உருவாக்கினார்கள். 1999-இல் வெளிவந்த மார்ட்டின் ஃபவுலரின் ‘ரீஃபாக்டரிங்’ நூல் இந்த வேலையைப் பட்டியலாக ஒழுங்குபடுத்தியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பெயர், எப்போது செய்யலாம் என்ற குறிப்பு, படிப்படியான செய்முறை, ஒரு எடுத்துக்காட்டு என்பது அதன் அமைப்பு. 2001-க்குப் பிறகு இன்டெல்லிஜே ஐடியா, எக்லிப்ஸ் போன்ற நிரல் எழுதும் தொகுப்பான்களில் இவை மெனுவுக்குள் வந்து உட்கார்ந்தன. அத்தோடு ஆப்டைக் வற்புறுத்திய முன்நிபந்தனைகள் கையேட்டிலிருந்து மறைந்து கருவியின் உள்ளே போய்விட்டன. நிபந்தனை தவறினால் திரையில் ஒரு எச்சரிக்கை வரும். நிரலாளர் பார்த்து முடிவெடுப்பார். எந்த விசையை அழுத்த வேண்டும் என்பதைச் சொன்னாலே கையேட்டுக்குப் போதும் என்றாகிவிட்டது.

மனிதர்கள் அந்தக் கருவிகளை அதிகம் தொட்டதும் இல்லை. எமர்சன் மர்ஃபி-ஹில், கிறிஸ் பார்னின், ஆண்ட்ரூ பிளாக் மூவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, மறுசீரமைப்புகளில் 90 விழுக்காட்டுக்கு அருகில் கையாலேயே செய்யப்பட்டதாகக் கண்டது. ஏஐ முகவரும் இந்த வழக்கத்தையே தொடர்கிறது. மொழி மாதிரி ஒன்றுக்குக் கோப்புகளைப் படிக்கவும் கட்டளைகளை இயக்கவும் வசதி செய்து, வேலை முடியும்வரை சுழலவிட்டால் அதுவே முகவர். ‘இந்தச் செயற்கூற்றின் பெயரை எல்லா இடத்திலும் மாற்று’ என்றால், அது கோப்பைத் திறந்து, வரியைக் கண்டுபிடித்து, புதிதாக எழுதி, அடுத்த கோப்புக்குப் போகும். ஐந்து கோப்புகளுக்கு இது சரி. நானூறு கோப்புகள் என்றால் நேரமும் செலவும் ஏறும். நடுவில் எங்கோ ஒரு கோப்பு விடுபடும். இன்னொன்றில் கேட்காத ‘திருத்தம்’ ஒன்றும் கூடவே சேர்ந்துகொள்ளும். இதே வேலையை மறுசீரமைப்புக் கருவி ஒரே கட்டளையில் செய்யும். எத்தனை முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும். ஆகவே முகவருக்குரிய வேலை கருவியைத் தேர்ந்து, சரியாக அழைத்து, விளைவைச் சரிபார்ப்பதுதான். இந்த மூன்றுக்கும் அதற்குக் கிடைக்கும் முதல் ஆதாரம் கருவியின் ஆவணம்.

அந்த ஆவணத்தைப் படிக்கும் முகவர் மனித வாசகரைப் போன்றது அல்ல. பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய உரைக்கு அளவு உண்டு. அந்த அளவுக்குள் இருந்தாலும் எல்லாப் பகுதியும் ஒரே கவனத்தைப் பெறுவதில்லை. நீண்ட உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதை மாதிரிகள் நன்றாகப் பயன்படுத்துகின்றன, நடுவில் இருப்பதைத் தவறவிடுகின்றன என்று 2023-இல் வந்த ஆய்வொன்று காட்டியது. மேலும், முகவர் வெறும் கையோடு வருவதில்லை. பயிற்சியின்போது படித்த பழைய பதிப்புகளின் நினைவு அதனிடம் இருக்கிறது. பைத்தான் 2-இல் எழுதியதை 3-க்கு மாற்றித்தரும் ‘டூ டு த்ரீ’ கருவி பல்லாண்டுகள் பைத்தானோடு சேர்ந்தே வந்தது. 2024-இல் வெளியான 3.13 பதிப்பில் அது இல்லை. அதைப் பற்றி எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான பக்கங்களோ அப்படியே இருக்கின்றன. எந்தப் பதிப்புக்கு இந்தக் குறிப்பு பொருந்தும், எந்தக் கட்டளை எப்போது நீக்கப்பட்டது, அதற்குப் பதில் எது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லாத கையேடு, முகவரைப் பழைய நினைவின் போக்குக்கே விட்டுவிடும்.

இத்தகைய ஆவணம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரி, முகவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே லினக்ஸ் கெர்னலில் உருவாகிவிட்டது. ஜூலியா லாவால், ஜில் முல்லர், யோவான் பாடியோலோ ஆகியோர் உருவாக்கிய காக்சினெல் என்ற கருவி அது. கெர்னலின் உள் நூலகம் ஒன்றில் ஒரு செயற்கூற்றின் வடிவம் மாறினால், அதை அழைக்கும் நூற்றுக்கணக்கான டிரைவர் கோப்புகளும் மாற வேண்டும். அந்த மாற்றத்தை வரிவரியாகச் செய்யாமல், ‘இப்படி இருப்பதை இப்படி ஆக்கு’ என்று ஒரு விதியாக எழுதலாம். அந்த விதிக்கு செமான்டிக் பேட்ச் என்று பெயர். 2008-இல் யூரோசிஸ் மாநாட்டில் வந்த அவர்களுடைய கட்டுரை, இந்தத் தொடர் மாற்றங்களை ஆவணப்படுத்துவதும் தானியங்கியாக்குவதும் என்று இரண்டையும் தலைப்பிலேயே சேர்த்து வைத்தது. விதியே ஆவணம்: படிப்பவருக்கு என்ன மாறியது என்று சொல்லும், கருவியிடம் கொடுத்தால் மாற்றியும் தரும்.

கெர்னல் மூலநிரலோடு வரும் இத்தகைய விதிகளில் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நினைவகத்தைக் கேமல்லாக் மூலம் ஒதுக்கி, அடுத்து மெம்செட் மூலம் சுழியால் நிரப்பும் இரண்டு அடிகளை, கேஸீஅல்லாக் என்ற ஒரே அழைப்பாக மாற்றுவது அதன் வேலை. விதிக்கு மேலே சில குறிப்பு வரிகள் இருக்கின்றன. என்ன செய்கிறது என்பது முதல் வரி. அடுத்து ஒரு வரம்பு: இது எளிதில் சரிபார்க்கக்கூடிய சில நேரடியான வடிவங்களை மட்டுமே பார்க்கும், ஒதுக்கீடும் நிரப்பலும் இடைவெளியின்றி அடுத்தடுத்து இருந்தால்தான் பொருந்தும். அதன் கீழே நம்பகம்: உயர்வு. பிறகு எந்தத் தெரிவுகளுடன் ஓட்ட வேண்டும் என்ற வரி, தேடுவதற்கான சொற்கள், கடைசியாக கேஸீஅல்லாக் கெர்னலின் எந்தப் பதிப்பிலிருந்து இருக்கிறது என்ற வரி: 2.6.14.

இவ்வளவுதான், பத்துப் பதினைந்து வரிகள். ஆனால் ஒரு முகவருக்குத் தேவையான எல்லாமே அதில் வந்துவிட்டது. குறிப்பாக அந்த வரம்பு வரி பொன்னானது. அது இல்லையென்றால், கருவி ஓடி முடிந்ததும் ‘இனி இந்த வடிவம் எங்கும் இல்லை’ என்று முகவர் முடிவு கட்டிவிடும். வரம்பு தெரிந்திருந்தால், ஒதுக்கீட்டுக்கும் நிரப்பலுக்கும் நடுவே வேறு வரிகள் உள்ள இடங்களைத் தனியே தேடிப் பார்க்கும். நம்பகம் என்ற தலைப்பும் அப்படியே. உயர்வு, நடுத்தரம், குறைவு என்று எழுதியவரே தம் விதிக்குத் தரம் சொல்லிவிடுவது பெரிய நேர்மை. விளம்பர நடையில் எழுதப்படும் இன்றைய கருவிக் கையேடுகள் பலவற்றில் இந்த ஒரு வரி கிடைக்காது.

கருவி எதைப் பார்க்காது என்பதே ஆவணத்தில் அதிக இடம் பெற வேண்டிய செய்தி. நிரலின் இலக்கண அமைப்பைக் காட்டும் தொடரியல் மரத்தை வைத்து வேலை செய்யும் கருவி நிரலின் வடிவத்தைப் பார்க்கும். இயங்கும்போது உருவாகும் தொடர்புகளைப் பார்க்காது. ஒரு வகுப்பின் பெயர் மேற்கோள் குறிக்குள் சரமாக எழுதப்பட்டு, இயக்க நேரத்தில் அதைக் கொண்டு வகுப்பு தேடப்பட்டால், பெயர் மாற்றும் கருவிக்கு அது வெறும் சரம். அமைப்புக் கோப்புகள், தரவுத்தள வினவல்கள், வலைப்பக்க வார்ப்புருக்கள், வேறொரு கருவி தானாக உருவாக்கிய நிரல் ஆகியவற்றுக்கும் இதே கதைதான். அனுபவமுள்ள நிரலாளர் பெயரை மாற்றியதும் பழக்கத்தால் பழைய பெயரை வெற்றுத் தேடலாக ஒருமுறை தேடிப் பார்ப்பார். அந்தப் பழக்கத்தை ‘மாற்றிய பின் பழைய பெயரை எல்லாக் கோப்புகளிலும் தேடு, மேற்கோளுக்குள் இருப்பவற்றைத் தானாக மாற்றாமல் பட்டியலிடு’ என்று கட்டளையாகவே எழுதிவைக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல், ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்ற விளைவு. ஜாவா உலகில் பெரிதும் பயன்படும் ஓப்பன்ரீரைட் ஒவ்வொரு பெயரின் வகையையும் கண்டறிந்து, இடைவெளிகளும் குறிப்புரைகளும் சிதையாத ஒரு மரத்தைக் கட்டி, அதன் மீது ரெசிபிகள் எனப்படும் விதிகளை இயக்குகிறது. வகை தெரிவதற்குத் திட்டம் சார்ந்திருக்கும் நூலகங்கள் கிடைக்க வேண்டும். அவை கிடைக்காமல் வகைத் தகவல் விடுபட்டால், வகையை நம்பியிருக்கும் ரெசிபி அந்த இடத்தில் பொருந்தாது. கோப்பு மாறாமல் நிற்கும். மாற்ற வேண்டியது எதுவுமே இல்லாத கோப்பும் மாறாமல்தான் நிற்கும். மனிதர் சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்ப்பார். முகவரோ ‘வெற்றி’ என்று அறிக்கை எழுதிவிடும். இந்த இரண்டையும் பிரித்தறியும் வழியைச் சொல்வது ஆவணத்தின் கடமை.

ஃபேஸ்புக் நிறுவனம் ஜாவாஸ்கிரிப்டுக்காக வெளியிட்ட ஜேஎஸ்கோட்ஷிஃப்ட் இதில் முன்மாதிரி. அது இறுதியில் நான்கு எண்ணிக்கைகள் தரும்: பிழை வந்தவை, முயன்றும் மாற்றத் தேவையில்லாதவை, முயலாமலே தாண்டியவை, மாறியவை. பைத்தான் நிரலின் வடிவத்தை ஒழுங்காக்கும் பிளாக் என்ற கருவியும் சரிபார்ப்பு முறையில் ஓடும்போது மூன்று விதமான எண்களோடு முடியும். 0 என்றால் மாற்ற எதுவும் இல்லை, 1 என்றால் மாற்ற வேண்டியவை உண்டு, 123 என்றால் உள்ளே ஏதோ தவறு. இங்கே 1 என்பது தோல்வி அல்ல. ஆனால் சுழி அல்லாத எந்த எண்ணும் தோல்வி என்ற பொதுப் பழக்கத்தில் ஊறிய முகவர், ஒன்றும் கெடாத இடத்தில் பழுது தேடிக்கொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு முடிவு எண்ணுக்கும் பொருள் என்ன, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் கையேடு சொல்லியாக வேண்டும்.

கோப்பில் கைவைக்கும் முன் ஒத்திகை பார்க்கும் வசதி ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் உண்டு. எது இயல்புநிலை என்பதில்தான் வேறுபாடு. டூ டு த்ரீ எழுதச் சொல்லாத வரை வேறுபாட்டை மட்டும் அச்சிடும். ஓப்பன்ரீரைட்டில் ஒத்திகைக்கும் ஓட்டத்துக்கும் தனித்தனிக் கட்டளைகள். மேவன் என்ற கட்டமைப்புக் கருவியைப் பயன்படுத்தும் ஜாவா திட்டத்தில் ஒத்திகையின் விளைவு டார்கெட் ஃபோல்டருக்குள் ஒரு பேட்ச் கோப்பாகக் கிடைக்கும். காக்சினெலைக் கெர்னலில் ஓட்டும்போது அறிக்கை மட்டும் தரும் முறையும் பேட்ச் தரும் முறையும் வேறுவேறு. எல்லா விதிகளும் எல்லா முறைகளையும் ஆதரிப்பதில்லை என்பதையும் அதன் கையேடு சொல்கிறது. இயல்புநிலையை எழுதாமல் விட்டால், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று ஓட்டிய கட்டளையே கோப்புகளை மாற்றிவிடக்கூடும்.

கேள்வி கேட்டுக் காத்திருக்கும் கட்டளைகள் இன்னொரு தடை. தொடரியல் மரத்தில் தேடி மாற்றும் ஏஎஸ்டி-கிரெப் கருவியில், ஒவ்வொரு மாற்றத்தையும் காட்டி ஒப்புதல் கேட்கும் முறை ஒன்றும், கேட்காமல் எல்லாவற்றையும் மாற்றும் முறை ஒன்றும் உண்டு. முதலாவது மனிதருக்கு மிக உகந்தது. விசைப்பலகை முன் யாரும் இல்லாத முகவருக்கு அது முட்டுச்சந்து. அதே கருவிக்கு எஸ்ஜி என்ற இரண்டெழுத்துச் சுருக்கப் பெயரும் உண்டு; லினக்ஸில் அதே பெயரில் வேறொரு கட்டளை காலங்காலமாக இருக்கிறது. எனவே அங்கே முழுப் பெயரையே பயன்படுத்தும்படி அதன் கையேடு அறிவுறுத்துகிறது. சின்னக் குறிப்புதான். அது இல்லாதபோது முகவர் வேறொரு கட்டளையின் பிழைச்செய்தியைப் படித்துவிட்டு, தன் தேடல் வடிவத்தில்தான் குறை என்று அதைத் திருத்தித் திருத்திப் பார்க்கும்.

இடத்தைக் குறிக்கும் முறையில் தமிழருக்கு நேரடியாகப் படும் ஒரு கண்ணி இருக்கிறது. தொகுப்பானும் மொழிக் கருவியும் பேசிக்கொள்வதற்காக மைக்ரோசாஃப்ட் 2016-இல் அறிமுகப்படுத்திய லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் வழியாகப் பெயர் மாற்றக் கேட்கும்போது, வரி எண்ணையும் அந்த வரிக்குள் எத்தனையாவது இடம் என்பதையும் தர வேண்டும். இரண்டும் சுழியிலிருந்து தொடங்கும். தொகுப்பானின் திரையிலோ வரிகள் ஒன்றிலிருந்து எண்ணப்படும். வரிக்குள் உள்ள இடம் யுடிஎஃப்-16 அலகுகளில் அளக்கப்படுகிறது. 2022-இல் வந்த 3.17 பதிப்பிலிருந்து வேறு அளவையைப் பேசி முடிவு செய்துகொள்ளலாம். ஆங்கிலம் மட்டும் உள்ள வரியில் எந்த அளவையில் எண்ணினாலும் விடை ஒன்றே. வரியின் தொடக்கத்தில் ‘தமிழ்’ என்ற சரம் வந்தால் நிலைமை வேறு. நாம் எண்ணினால் அது மூன்று எழுத்து. யுடிஎஃப்-16 கணக்கில் ஐந்து அலகு. யுடிஎஃப்-8 பைட் கணக்கில் பதினைந்து. அந்தச் சரத்துக்குப் பின்னால் வரும் செயற்கூற்றின் இடத்தைப் பைட் கணக்கில் சொன்னால் பத்து இடம் தள்ளிப்போகும். அங்கே வேறொரு பெயர் இருந்தால் அதுதான் மாறும். இடம் எந்த அலகில், எந்த எண்ணிலிருந்து என்பதை ஒரு வரியில் எழுதி, ஆங்கிலம் அல்லாத எழுத்துள்ள எடுத்துக்காட்டு ஒன்றையும் காட்டும் கையேடுகள் அரிது.

ஆவணத்தை எங்கே வைப்பது என்பதற்குச் சில மரபுகள் அண்மையில் உருவாகியுள்ளன. திட்டத்தின் முதன்மை ஃபோல்டரில் முகவர்களுக்கென ஏஜென்ட்ஸ் என்ற பெயரில் ஒரு கோப்பு வைப்பது 2025-இல் பரவலானது. ஜெரமி ஹோவர்ட் 2024-இல் முன்மொழிந்த எல்எல்எம்ஸ் கோப்பு, ஒரு தளத்தின் ஆவணங்களுக்குச் சுருக்கமான வழிகாட்டி. ஆந்த்ரோபிக் 2025-இல் கொண்டுவந்த ஸ்கில் கோப்புகளில் பெயரும் சிறு விளக்கமும் மட்டும் முதலில் முகவரின் பார்வையில் இருக்கும். வேலைக்குத் தேவைப்படும்போதுதான் முழு உரை திறக்கும். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: சிறியது எப்போதும் கையில், பெரியது கேட்டால் மட்டும். ஆகவே அந்தச் சிறு விளக்கம் கருவியின் பெருமையைப் பேசக்கூடாது. எந்த வேலைக்கு அழைக்கலாம், எதற்கு அழைக்கக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டும். ஓப்பன்ரீரைட்டில் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பின் பதிப்பை உயர்த்தும் ரெசிபி பல சிறு ரெசிபிகளின் தொகுப்பு. ‘பதிப்பை உயர்த்தும்’ என்ற ஒற்றை வரி அதன் பாதி வேலையைக்கூடச் சொல்லாது. உட்கூறுகளின் பட்டியல் ஒரு படி கீழே இருந்தாக வேண்டும்.

முகவரையும் கருவிகளையும் இணைக்க 2024-இன் இறுதியில் வந்த மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் வழியாகக் கருவியைத் தரும்போது பெயர், விளக்கம், உள்ளீட்டின் வடிவம் ஆகியவற்றோடு, இது படிக்க மட்டுமா, அழிக்கக்கூடியதா, மறுபடி ஓட்டினால் கூடுதல் விளைவு உண்டா என்ற குறிப்புகளையும் சேர்க்கலாம். இவற்றில் மறுசீரமைப்புக்கு மூன்றாவது குறிப்பு முக்கியம். பாதியில் நின்ற ஓட்டத்தை முகவர் தயங்காமல் மறுபடி தொடங்கும். பெயருக்கு முன்னொட்டு சேர்க்கும் கருவி இருமுறை ஓடினால் முன்னொட்டும் இருமுறை சேரலாம். ஆனால் இந்தக் குறிப்புகள் கருவியை எழுதியவர் தாமே சொல்லிக்கொள்பவை. நம்பத்தக்க இடத்திலிருந்து வராதபோது நம்பக்கூடாது என்று அந்த நெறிமுறையே எச்சரிக்கிறது. கருவி விளக்கத்துக்குள் முகவரைத் திசைதிருப்பும் கட்டளைகளை ஒளித்துவைக்கும் தாக்குதல்கள் உண்டு என்பதால் இது வெறும் சம்பிரதாய எச்சரிக்கை அல்ல.

பிழைச்செய்தியும் ஆவணமே. சொல்லப்போனால், முகவர் கட்டாயம் படிக்கும் ஆவணம் அதுதான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2024-இல் வெளியான எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட் ஆய்வு, மாதிரியை மாற்றாமல் அதற்குத் தரும் கருவிகளின் இடைமுகத்தை மட்டும் மாற்றினாலே வேலைத்திறன் கூடுவதைக் காட்டியது. அதில் தொடரியல் பிழையை உண்டாக்கும் திருத்தம் ஏற்கப்படாமல் காரணத்தோடு திருப்பி அனுப்பப்படும். தேடல் விளைவு 50-ஐத் தாண்டினால் எல்லாவற்றையும் கொட்டாமல், இன்னும் குறிப்பாகத் தேடச் சொல்லும். ‘பெயர் மோதல்’ என்று மட்டும் சொல்லி நிற்கும் கருவியைவிட, எந்தக் கோப்பில் எந்த வரியில் மோதுகிறது, எதுவும் மாற்றப்படவில்லை, வேறு பெயரோடு மறுபடி அழைக்கவும் என்று சொல்லும் கருவிக்குக் கையேடு பாதி அளவில் போதும்.

எழுதியது சரியா என்று பார்ப்பதற்கு மனித மதிப்புரை போதாது. எழுதியவர் இடைவெளிகளைத் தம் அனுபவத்தால் நிரப்பிக்கொண்டே படிப்பார். கையேட்டின் ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் உண்மையாகவே இயக்கிப் பார்க்க வேண்டும். பிறகு அந்தக் கையேட்டை மட்டும் ஒரு முகவருக்குக் கொடுத்து, விடை தெரிந்த ஒரு சிறு திட்டத்தில் வேலை செய்யவிட வேண்டும். அத்திட்டத்தில் சரத்துக்குள் மறைந்த பெயர், தானாக உருவான கோப்பு, வகைத் தகவல் இல்லாத நூலகம் ஆகியவற்றை வேண்டுமென்றே வைத்திருக்க வேண்டும். முகவர் எங்கே வழுக்குகிறதோ அங்கே பெரும்பாலும் கையேட்டில் ஒரு வரி குறைந்திருக்கும்.

மாற்றம் முடிந்ததும் கம்பைல் செய்வது, சோதனைகளை ஓட்டுவது, வேறுபாட்டைத் தனிக் கிளையில் வைத்து மனிதர் பார்வைக்கு அனுப்புவது ஆகியவை ஆவணத்தின் கடைசிப் பகுதிக்குரியவை. இயந்திரம் செய்த மாற்றத்தையும் கையால் செய்த திருத்தத்தையும் தனித்தனிக் கமிட்டுகளாக வைக்கச் சொன்னால், பார்ப்பவர் முன்னதை விதியை வைத்தும் பின்னதை வரிவரியாகவும் சரிபார்க்க முடியும். சோதனைகள் குறைவான திட்டத்தில் நடத்தை மாறவில்லை என்று எந்தக் கருவியும் உறுதி தர முடியாது என்பதையும் அங்கேயே எழுதிவிடுவது நல்லது. தன்னால் எதைச் செய்ய முடியாது என்ற பகுதி கையேட்டில் இல்லாத கருவிக்கு, அது எழுதப்படும்வரை, முகவரிடம் ஒத்திகை உரிமை மட்டும் கொடுத்தால் போதும். கோப்பில் எழுதும் உரிமை வேண்டியதில்லை.